வீட்டுச் சமையலா, மாஸ்டர் தேக்சாவா, மினி ஹாலா? நாற்பது பேர் விழாவுக்கு ஒரு கணக்கு

குழந்தைக்கு முதல் பிறந்தநாள், பெண்ணுக்கு வளைகாப்பு, பையனுக்கு வேலை கிடைத்தது என்று ஏதோ ஒரு சந்தோஷம். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள் என்று எண்ணிப் பார்த்தால் நாற்பது தலை தேறுகிறது. வடசென்னையில், வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை, நம் பக்கத்து வீடுகளுக்கு இது ரெண்டுங்கெட்டான் எண்ணிக்கை. இருபது பேர் என்றால் ஹாலிலேயே பாய் விரித்துப் பந்தி போட்டுவிடலாம். நூறு என்றால் மண்டபம்தான். நாற்பதுக்குத்தான் மூன்று வழி வந்து நிற்கும். எல்லாவற்றையும் வீட்டிலேயே சமைக்கலாம். பிரியாணி மாஸ்டரிடம் கிலோக் கணக்கில் சொல்லி, தேக்சா என்கிற பெரிய அண்டாவில் வரவழைத்து மொட்டை மாடியில் பரிமாறலாம். இல்லையென்றால் ஏசி மினி ஹால் பிடித்து, அவர்கள் கேட்டரிங்கிலேயே முடித்துக்கொள்ளலாம்.

என் ஓட்டு இரண்டாவதற்கு. கூடவே முதலாவதில் பாதி. ஏன் என்று பார்ப்போம்.

முழுக்க வீட்டில்

நோட்டில் எழுதிக் கூட்டினால் இதுதான் மலிவு. கொத்தவால்சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும், மளிகைக்கு இன்றும் அந்தப் பக்கம் போகலாம். பட்டை, கிராம்பு, முந்திரி எல்லாம் தெருமுனைக் கடையைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும். ஆனால் நோட்டில் ஏறாத செலவுகள் உண்டு.

ஒரு கிலோ அரிசி பிரியாணி எட்டுப் பேருக்குத் தாராளம், பத்துப் பேருக்கு இழுத்துப் பிடிக்கலாம். நாற்பது பேருக்கு ஐந்து கிலோ அரிசி, அதே அளவு கறி. வீட்டு கேஸ் அடுப்பின் பர்னர் சின்னது. இரண்டு கிலோவுக்கு மேல் ஒரே பாத்திரத்தில் போட்டால் நடுவில் அடிபிடிக்கும், ஓரத்தில் அரிசி வேகாது. எனவே மூன்று ஈடு போட வேண்டும். மூன்றாவது தம் பிரிக்கும்போது முதலாவது ஆறிப்போயிருக்கும். இதற்கு அம்மா, அத்தை, மருமகள் என்று மூன்று பேராவது விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்க வேண்டும். சாயங்காலம் கேக் வெட்டுகிற போட்டோக்களைப் பாருங்கள், சமைத்தவர்கள் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். புடவை மாற்றிக்கொண்டு அவர்கள் வெளியே வருவதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். 'எங்கள் வீட்டுச் சாப்பாடு' என்ற பெருமையை வாங்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

அதற்காக வீட்டுச் சமையலை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சிலவற்றுக்கு வீட்டுக் கைதான் வேண்டும். கத்திரிக்காய் தொக்கைக் காலையிலேயே செய்து வைத்துவிடலாம். புளியும் எண்ணெயும் இறங்கி, சாயங்காலத்துக்கு இன்னும் ருசி ஏறியிருக்கும். கறி சாப்பிடாதவர்களுக்குப் புளி சாதம், அதுவும் அதே ரகம். சேமியா பாயசத்தை வீட்டில் செய்தால் பாலும் முந்திரியும் உங்கள் இஷ்டம். தயிர் வெங்காயத்தை மட்டும் கடைசி நிமிடத்தில் கலக்குங்கள், முன்னாலேயே உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

அப்புறம் மீன். காசிமேடு பக்கத்திலேயே இருக்கும்போது பிரியாணிக்குத் துணையாக வஞ்சிரம் வறுவல் போடாவிட்டால் கேள்வி வரும். அதிகாலையில் போய் வாங்கி, மசாலா தடவி ஃபிரிட்ஜில் வைத்து, பந்தி உட்காரும்போது சுடச்சுடப் பொரிக்க வேண்டும். ஹோட்டலில் வாங்கி வந்தால் வழியிலேயே சவசவத்துப்போகும். ஒன்றை மட்டும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகில் வருவதுதான் மீன், விலையும் எகிறும். அந்த மாதங்களில் விழா வந்தால் பேசாமல் சிக்கன் 65-க்கு மாறிவிடலாம்.

மாஸ்டர் தேக்சா

பெரிய தேக்சா, விறகு அடுப்பு, மூடிமேல் கொட்டிய தணல். ஐந்து கிலோ அரிசி ஒரே பதமாக வேக இது போதும். வீட்டு பர்னரில் இது கிடைக்காது. இதில் இரண்டு முறை இருக்கிறது. சாமானை நாம் வாங்கிக் கொடுத்து, மாஸ்டருக்குக் கூலி மட்டும் தருவது ஒன்று. கறியின் தரம் நம் கையில் இருக்கும், ஆனால் வந்து சமைக்க அவருக்கு இடம் வேண்டும். நம் சந்துகளில் விறகு மூட்டினால் எதிர் வீட்டு ஜன்னலுக்குள்தான் புகை போகும். மொட்டை மாடியில் மூட்டினால் தளம் வெடித்துவிடும் என்று வீட்டு ஓனர் சண்டைக்கு வருவார், அவர் பயமும் நியாயமானது. அதனால் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி, தேக்சாவோடு இறக்கிவிடச் சொல்வதுதான் வசதி.

பேசும்போது ரேட்டை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒரு கிலோ அரிசிக்குக் கறி எவ்வளவு, சரிக்குச் சரியா, முக்கால் கிலோவா? சீரக சம்பாவா, பாஸ்மதியா? தால்ச்சாவும் பிரெட் அல்வாவும் அதில் சேர்த்தியா, தனியா? தேக்சாவை யார், எப்போது திரும்ப எடுத்துப் போவார்கள்? முக்கியமாக, தம் எத்தனை மணிக்கு உடைப்பார்கள்? எட்டு மணிப் பந்திக்கு ஐந்து மணிக்கே வந்து இறங்கும் பிரியாணி நம் ஊர்ப் புழுக்கத்தில் மூன்று மணி நேரம் காத்திருக்கக் கூடாது. மூடியைத் திறக்காமல் ஏழரைக்கு வந்தால் போதும் என்று கறாராகச் சொல்லுங்கள். புரட்டாசியில் தேதி வந்தால் கிலோவைக் குறைத்துவிடுங்கள், கறி தொடாதவர்கள் எவ்வளவு பேர் என்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.

மினி ஹால்

லிஃப்ட் இருக்கும், ஜெனரேட்டர் இருக்கும், பாத்திரம் கழுவ வேண்டாம். மாடிப்படி ஏற முடியாத தாத்தா பாட்டி நாலைந்து பேர் வருகிறார்கள் என்றால் இதையே எடுங்கள், மேற்கொண்டு படிக்கவும் வேண்டாம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பல இடங்களில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி கிடையாது. இலைக் கணக்குக்குக் குறைந்தபட்சம் வைத்திருப்பார்கள், வராதவருக்கும் காசு. நேரம் முடிந்ததும் விளக்கை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பிப்பார்கள். வேலை முடிந்து மெட்ரோ பிடித்து ஒன்பது மணிக்கு வந்து சேரும் மாமாவுக்குக் கிடைப்பது ஆறிப்போன கோபி மஞ்சூரியன்தான்.

அலங்காரம்

பலூன் வளைவுக்கு ஆள் வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஹாலுக்குள் சரி. மொட்டை மாடியில் பிற்பகல் வெயிலில் கட்டினால் காற்று விரிந்து படபடவென்று வெடிக்கும், மிச்சமிருப்பது பளபளப்புப் போய் மங்கிவிடும். பேப்பர் தோரணம் மலிவு. ஆண்டர்சன் தெருவில் கலர் பேப்பர் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகளே வெட்டி ஒட்டிவிடுவார்கள். ஆனால் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நம் மாடிகளில் மெல்லிய காகிதம் சாயங்காலம் வரை தாங்காது, கெட்டி அட்டையில் வெட்டிச் சணல் கயிற்றில் கட்ட வேண்டும்.

எனக்குப் பிடித்தது புடவைதான். பீரோவில் தூங்கும் பட்டுப் புடவைகளில் இரண்டை எடுத்துக் கயிற்றில் கொசுவம் வைத்துத் தொங்கவிட்டு, கீழ் ஓரத்தில் கனம் கட்டினால் காற்றுக்கு அசையாத பின்னணி ரெடி. இரண்டு பக்கமும் பத்ரியன் தெருவில் வாங்கிய சாமந்திச் சரம், மேலே ஒரு சீரியல் செட். போட்டோவில் அதைவிட அழகாக எந்த பிளக்ஸும் விழாது. வாசலுக்கு மாவிலைத் தோரணம் போதும்.

தட்டு விஷயத்தில் தேர்வு சுலபம். 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் தடை. கடையில் ரகசியமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உட்கார்ந்து சாப்பிட வாழை இலை, நின்றுகொண்டு சாப்பிடப் பாக்குமட்டைத் தட்டு. ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்தால் இரவு பத்துக்கு நிறுத்திவிட வேண்டும், அது சட்டம். பத்து மணிக்கு மேல் கைக்குழந்தை இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சட்டம் பேசவும் முடியாது.

இத்தனையும் ஐப்பசி, கார்த்திகையில் செல்லாது. சாமியானாத் துணி வெயிலுக்குத்தான், வடகிழக்குப் பருவமழைக்கு அது வடிகட்டி. தகரப் பந்தல் போட்டால் அதன் வாடகையும் ஆள் கூலியும் சேர்ந்து மினி ஹால் தொகையை நெருங்கிவிடும், தெருவில் தண்ணீர் தேங்கினால் தேக்சா ஏற்றிய வண்டி வீட்டு வாசலுக்கு வராது. அந்த இரண்டு மாதத்துக்கு, வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கும் ஹால் ஒன்றை முன்கூட்டியே விசாரித்துப் பிடித்துவிட்டு, மாஸ்டர் தேக்சாவையும் தொக்கையும் அங்கே இறக்கச் சொல்லுங்கள்.