ஒரே வரி, மொத்தக் கூடையும் காலி

"மாப்ள, ஜாங்கோல கேஷ் அழிக்க ஒரே வரிதானாமே, அனுப்பேன்" என்று நேற்று ராத்திரி நண்பன் கேட்டான். ஜாங்கோ என்பது பைத்தானில் வலைத்தளம் கட்டும் கருவி; கேஷ் என்பது ஒருமுறை தயாரித்ததை மறுபடி சட்டென்று கொடுக்க எடுத்து வைக்கும் இடம். ஒரே வரிதான். கேஷ்.கிளியர். அடைப்புக்குறிக்குள் எதுவும் போட வேண்டாம். வம்பே அதுதான். ஐந்து வருஷமாக அந்த வரியோடு குப்பை கொட்டுகிறேன். இதைப் படித்துவிட்டு அவன் முடிவு செய்யட்டும்.

கேஷைப் போடுகிற வரைக்கும் ஜாங்கோ தங்கம். பக்கத்தைத் தயாரிக்கும் ஃபங்ஷனான வியூவின் தலையில் கேஷ்_பேஜ் என்று ஒரு வரி, டெக்கரேட்டர் என்பார்கள், வைத்தால் போதும், பக்கம் பறக்கும். எடுக்கும்போதுதான் அதன் சுபாவம் தெரியும்.

ஒரு புடவைக் கடையின் தளத்துக்கு ஆரம்பத்தில் செட்டிங்ஸில் கை வைக்காமல் விட்டிருந்தேன். அப்படி விட்டால் லோக்மெம், அதாவது ஓடும் நிரலின் மெமரியிலேயே கேஷ். அது ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி. தளத்தை ஓட்டும் சர்வரான கன்னிகார்ன் 4 வொர்க்கரோடு, அதாவது நாலு தனி பிராசஸாக, ஓடிக்கொண்டிருந்தது. புடவை விலையை மாற்றிவிட்டு, கட்டளை அடிக்கும் ஷெல்லைத் திறந்து (அதுவும் ஒரு தனி பிராசஸ்) கிளியர் அடித்தேன். எரர் எதுவும் இல்லை. பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் பழைய விலை, மறுபடி செய்தால் புதிய விலை, மறுபடி பழையது. ஷெல் துடைத்தது ஷெல்லின் சொந்த மெமரியை மட்டும். அந்த நாலு வொர்க்கருக்கும் விஷயமே தெரியாது.

சரி என்று எல்லா வொர்க்கரும் பகிர்ந்துகொள்ளும் மெமரி டேட்டாபேஸான ரெடிஸுக்குப் போனேன். 4.0-லிருந்து ஜாங்கோவுக்குள்ளேயே அதோடு பேச பேக்எண்ட் இருக்கிறது. கேஷில் வைக்கும் ஒவ்வொன்றின் பெயருக்கும் (கீ) முன்னால் என் தளத்தின் அடையாளம் ஒட்டும் கீ_பிரிஃபிக்ஸ் எல்லாம் கொடுத்து அழகாக வைத்திருந்தேன். ஒரு தள்ளுபடி நாளில், சாயங்காலம் ஏழு மணிக்கு, அதே வரியை அடித்தேன். உள்ளே அது ஓட்டுவது ஃப்ளஷ்டிபி என்ற ரெடிஸ் கட்டளை. பிரிஃபிக்ஸாவது ஒன்றாவது, அந்த டேட்டாபேஸில் இருந்த மொத்தமும் காலி. யார் லாகின் செய்திருக்கிறார் என்று நினைவில் வைக்கும் செஷன்களையும் அதே கேஷில் வைத்திருந்தேன்; கூடையில் புடவை போட்டு வைத்திருந்த அத்தனை பேரும் லாக்அவுட். மெயில் அனுப்புவது போன்ற வேலைகளைப் பின்னணியில் செய்யும் செலரியின் வரிசையும் அதே 0 எண் டேட்டாபேஸில்தான். கிளம்பக் காத்திருந்த ஆர்டர் மெயில்கள் போன இடம் தெரியவில்லை. கடைக்காரர் போனில் "என்ன தம்பி, கூட்டம் திடீர்னு கலைஞ்சிருச்சு?" என்றார்.

நியாயமாகப் பார்த்தால் தப்பு என்னுடையது. உன் செயலி வைத்ததை மட்டுமல்ல, எல்லாவற்றையும் அழிக்கும் என்று ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள். ரெடிஸில் சும்மாவே 16 டேட்டாபேஸ் இருக்கிறது. ஆளுக்கொன்று ஒதுக்க எனக்குத்தான் சோம்பல். ஆனாலும் கேட்கிறேன், பெயர் எழுதி ஒட்டச் சொன்ன டப்பாவை, பெயரைப் பார்க்காமல் கொட்டலாமா?

இப்போது செலரிக்கு வேறு டேட்டாபேஸ் எண், செஷனுக்கு வேறு கேஷ். விலைப்பட்டியல் கீயின் கூடவே ஒரு பதிப்பு எண்ணையும் சேர்த்து வைக்கிறேன். விலை மாறினால் எண் ஒன்று கூடும், பழையது காலக்கெடு (டைம்அவுட்) முடிந்ததும் தானாகப் போகும்; எதையும் சொல்லாவிட்டால் அந்தக் கெடு 300 விநாடி. பக்கத்தின் அச்சான டெம்ப்ளேட்டில் ஒரு துண்டை மட்டும் கேஷ் செய்தால், அதன் கீயைத் தெரிந்துகொண்டு அழிக்க மேக்_டெம்ப்ளேட்_ஃப்ராக்மென்ட்_கீ இருக்கிறது, ஆனால் டெம்ப்ளேட்டில் கொடுத்த அதே மதிப்புகளை அதே வரிசையில் கொடுக்க வேண்டும். கேஷ்_பேஜ் வைத்த பக்கத்தைத் தனியாக அழிப்பது தலைவலி. அதற்கு டைம்அவுட்டைக் குறைத்துவிட்டு விட்டுவிட்டேன்.

மாப்ள, உன் கடையில் இருப்பது இருநூறு பொருள். கேஷே போடாதே. நான் போன வாரம் தொடங்கிய புது புராஜெக்டில் முதல் நாளே ரெடிஸ் போட்டுவிட்டேன், அது வேறு கதை.