சி.ஆர். 1009 சப்1 விதைநெல்: பள்ளத்து வயலுக்கு வாங்கலாமா?

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் முழுசாக முங்கி, ஒரு வாரம் பத்து நாளில் தண்ணீர் வடிந்துவிடுகிற வயல் உங்களுடையது என்றால் சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப்1 வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். தண்ணீர் வடியாமல் முழங்கால் அளவுக்கு வாரக்கணக்கில் கட்டி நிற்கிற வயல் என்றால் இந்த விதையை நம்பி இறங்காதீர்கள். இந்த வித்தியாசத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை, "வெள்ளம் தாங்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வயல் நன்னிலம் பக்கம், வடிகால் ஓரம். பழைய 1009 எங்களுக்குப் பழகின நெல்தான், பொன்மணி என்றும் சொல்வார்கள். குண்டு அரிசி, இட்லிக்கு நன்றாக இருக்கும், வயசு 155 முதல் 160 நாள். சப்1 என்பது அதே நெல்லில் ஒரே ஒரு குணத்தைக் கூட்டியது. அந்தக் குணம் ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய ரகத்திலிருந்து வந்தது. அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006-ல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மரபணு மாற்றுப் பயிரோ என்று பயப்பட வேண்டாம். சாதாரணக் கலப்புதான், திரும்பத் திரும்பத் தாய் ரகத்தோடேயே சேர்த்து, மரபணு அடையாளம் பார்த்துப் பொறுக்கி எடுத்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். பயிர் தண்ணீரில் முங்கியது அதன் செல்லுக்கு எப்படித் தெரிகிறது? எத்திலீன் என்ற வாயுவைப் பயிர் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும், அது காற்றில் கலந்து போய்விடும். தண்ணீருக்குள் வாயுக்கள் நகர்வது காற்றில் நகர்வதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவு. அதனால் எத்திலீன் வெளியே போக முடியாமல் இலைக்குள்ளும் தண்டுக்குள்ளும் தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் "முங்கிவிட்டோம்" என்கிற சேதி. சாதாரண நெல்லில் இந்தச் சேதி கிடைத்ததும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் வேலை கூடுகிறது. செல்லின் வளர்ச்சிக்குப் பிரேக் மாதிரி இருக்கும் எஸ்.எல்.ஆர்.1 என்ற புரதத்தை அந்த ஹார்மோன் அழிக்க வைக்கிறது. பிரேக் போனதும் செல்கள் விறுவிறுவென்று நீள்கின்றன, பயிர் எப்படியாவது தலையை வெளியே நீட்டப் பார்க்கிறது. ஆழ்நீர் நெல் என்று வங்கதேசத்திலும் தாய்லாந்திலும் உண்டு, அது இப்படியே ஒரு நாளைக்கு 20 செ.மீ.க்கு மேல்கூட வளர்ந்து பிழைத்துக்கொள்ளும். நம் குட்டை ரகத்தால் அது முடியாது. இருக்கிற மாவுச்சத்தையெல்லாம் நீள்வதற்கே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் மடிந்து விழும்.

சப்1ஏ இருக்கிற பயிருக்கும் அதே எத்திலீன் சேதிதான் போகிறது, ஆனால் அது எடுக்கிற முடிவு நேரெதிர். அந்தச் சேதியே சப்1ஏ-வை எழுப்பிவிடுகிறது, எஸ்.எல்.ஆர்.1-உம் அதன் கூட்டாளிப் புரதமும் கூடுகின்றன, ஜிப்ரலின் என்ன சொன்னாலும் செல்கள் நீள்வதில்லை. சர்க்கரை மிச்சமாகிறது, இலைப் பச்சையும் சீக்கிரம் போவதில்லை. தண்ணீர் வடிந்து எத்திலீன் வெளியேறினதும் மறுபடி வளர்ச்சி தொடங்குகிறது. இரண்டு வாரம் வரை இப்படித் தாங்கும். தண்ணீர் கலங்கலாக, வெயில் உள்ளே இறங்காமல் இருந்தால் அந்தக் கணக்கு குறையும்.

வயலில் இதைக் கண்ணால் பார்த்தேன். தண்ணீர் இறங்கினபோது வரப்புக்கு அந்தப் பக்கம் பழைய 1009 வெளுத்து, நீண்டு, சேற்றோடு ஒட்டிக் கிடந்தது. எங்கள் சப்1 பயிர் குட்டையாக, மேல் இலையெல்லாம் சேறு பூசிப் பழுத்து, பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு தூரைப் பிடுங்கி அடித்தண்டை நகத்தால் கிழித்துப் பார்த்தேன். குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. பக்கத்து வயல் தூரில் அதே இடம் பழுப்பாகக் குழைந்து நாறியது. வெளி இலையைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள், குருத்தைப் பாருங்கள். செல் பிரிந்து புது இலை வருகிற இடம் அதுதான்.

குறைகளும் உண்டு. பயிர் முழுசாக முங்காமல் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நாள் கணக்கில்லாமல் நின்றால் சப்1-ஆல் பிரயோசனம் இல்லை, அங்கே கொஞ்சம் நீள்கிற ரகம்தான் நல்லது. நேரடி விதைப்பு செய்கிற கடைமடைக்காரர்கள் கவனிக்கவும்: முளைக்கும் முன்பே தண்ணீர் கட்டினால் விதை அழுகத்தான் செய்யும், இந்த மரபணு அதற்கானது இல்லை. பூக்கிற சமயத்து வெள்ளத்துக்கும் இது காப்பு கிடையாது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டினது மாதிரி ஒரு மழை வந்தால், விதை எதுவானாலும் வடிகால் தூர்வாரியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தண்ணீர் வடிந்த மறுநாளே யூரியாவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அடங்கியிருந்த செல் திரும்ப வேலையைத் தொடங்கவே நாளாகும், புதுக் குருத்து தெரியட்டும். அப்புறம் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வைத்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடலாம். வேளாண் துறை வழக்கமாகச் சொல்கிற அளவு இது. எங்களுக்குக் கைகொடுத்தது.

வாங்கும்போது சான்று அட்டை இருக்கிற மூட்டையாகவே வாங்குங்கள். டவுனில் ஒரு கடையில் அட்டை இல்லாத மூட்டையைக் காட்டி இதுவும் சப்1தான் என்றார்கள். பழைய 1009-ஐயும் இதையும் நெல்லைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, வெள்ளம் வந்தால்தான் தெரியும். நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

வயசு நீளம் என்பதையும் மறக்க வேண்டாம். ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்து ஆவணிக்குள் நாற்று விட முடிந்தால் சரி. திறப்பு தள்ளிப்போனால், மேட்டூர் அணையை மூடுகிற ஜனவரி 28-க்குப் பிறகு தண்ணீருக்கு அல்லாட வேண்டிவரும், அந்த வருஷம் வயசு குறைந்த ரகத்துக்குப் போய்விடுங்கள். கொள்முதலில் இது பொது ரகம், சன்ன ரக விலை கிடைக்காது.

நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்கிற பயிர், அதனால் சப்1 குணம் அடுத்த விதையிலும் அப்படியே வரும். நடு வயலில் கலவன் இல்லாத இடமாகப் பார்த்து, வேறு ரகக் கதிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அடுத்த சம்பாவுக்குத் தனியாக அறுத்துக் காயவைத்திருக்கிறோம்.