விமானமா, ஃபயர் இன்ஜினா? கடலூருக்கு எது சரி

விமானம் தண்ணீர் கொட்டித் தீயணைக்கும் வெளிநாட்டுக் காட்டுத்தீ வீடியோ ஒன்று பரவினால் போதும், "நம்ம ஊருக்கும் இப்படி ஒரு விமானம் இருந்தா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கொள்ளளவில் யாரும் நெருங்க முடியாதது அமெரிக்காவின் போயிங் 747 சூப்பர் டேங்கர். ஒரே தடவையில் ஏறத்தாழ 72,000 லிட்டர். 2021-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இருந்திருந்தாலும் நமக்கு உதவாது. புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுதளம் 1,500 மீட்டர்தான். கொட்டியதும் மீண்டும் நிரப்பிக்கொள்ள சென்னைக்குத்தான் போக வேண்டும்.

கனடாவின் சிஎல்-415 ஒரு தடவைக்கு 6,137 லிட்டர்தான் எடுக்கும். ஆனால் தரையிறங்காமல், நீர்ப்பரப்பை உரசியபடியே 12 நொடிகளில் நிரப்பிக்கொள்ளும். தண்ணீர் 11 கிலோமீட்டருக்குள் இருந்தால் மணிக்கு ஒன்பது நடை, சுமார் 54,000 லிட்டர். விமானங்களில் என் ஓட்டு இதற்கே. வீராணம் ஏரியின் நீளம் இதற்குத் தாராளம். ஆனால் தீப்பிடிக்கும் கோடையில்தானே ஏரியும் வற்றுகிறது! கடல் இருக்கிறது, அலை அடங்கியிருந்தால் அள்ளலாம். அப்புறம் உப்பைக் கழுவ வேண்டும்.

நம் நாட்டில் வழக்கமாக வருவது விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர். கீழே தொங்கும் பாம்பி பக்கெட்டில் சுமார் 3,500 லிட்டர். 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத்தீயில் இப்படிப் பல நடையாக மொத்தம் 16,000 லிட்டர் அளவுக்குக் கொட்டினார்கள். நான்கு ஃபயர் இன்ஜின் தண்ணீர்கூட இல்லை. ஆனால் அந்தச் சரிவில் எந்த வண்டி ஏறும்? வண்டி போகாத இடத்தில் அதன் மதிப்பே வேறு.

கடலூரில் வண்டி போகும். வழக்கமான ஃபயர் இன்ஜினில் 4,500 லிட்டர். பெரிய பம்பு நிமிடத்துக்கு 2,250 லிட்டர் தள்ளினால் இரண்டே நிமிடத்தில் டேங்க் காலி. ஒரே ஹோஸில் 450 லிட்டராக அடித்தால் பத்து நிமிடம் தாங்கும். அதனால்தான் பின்னாலேயே 9,000, 12,000 லிட்டர் பவுசர், அதாவது பெரிய தண்ணீர் லாரி, வர வேண்டும், அல்லது பக்கத்துக் குளத்தில் உறிஞ்சுகுழாய் போட வேண்டும். விமானம் மேலிருந்து கொட்டுவதில் பாதி காற்றோடு போகலாம்; ஹோஸ் பிடித்தவர் எரியும் கீற்றைப் பார்த்து அடிக்கிறார். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்போ கிராமத்துக் குடிசையோ எரிந்தால் எனக்கு ஒரு இன்ஜினும் ஒரு பவுசரும் போதும், விமானம் வேண்டாம். தேவனாம்பட்டினம் மாதிரி நெருக்கமான தெருக்களுக்குப் பவுசரும் உள்ளே வராது. சின்ன வண்டி முன்னால் போக, பெரியது ரோட்டில் நின்று ஹோஸ் வழியாக ஊட்ட வேண்டியதுதான்.

ரசாயனத் தொழிற்சாலைகள் இருக்கும் சிப்காட்டுக்கு இந்த லிட்டர் கணக்கே பொருந்தாது. தண்ணீரில் கலக்காத, தண்ணீரைவிட லேசான கரைப்பான்கள் எரியும்போது வெறும் தண்ணீரைக் கொட்டினால், அவை அதன்மேல் மிதந்துகொண்டே பரவும். நுரைதான் வேண்டும்: நூறு லிட்டர் கலவையில் மூன்று அல்லது ஆறு லிட்டர் நுரைத் திரவம். அங்கே வரும் வண்டியிடம் நான் முதலில் கேட்பது தண்ணீர் டேங்கின் அளவை அல்ல, நுரை டேங்கின் அளவை.