பத்தாண்டு கடந்த லேப்டாப்பும் ஹேங் ஆகும் கோளாறும்: ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

2014இல் வாங்கிய லேப்டாப் ஒன்றை இன்றும் அன்றாட எழுத்து வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுடன் வந்த அது, இடைப்பட்ட ஆண்டுகளில் வெவ்வேறு காரணங்களால் ஹேங் ஆகத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகச் சரிசெய்யப்பட்டிருக்கிறது. ஹேங் ஆகிறது என்று சொன்னவுடன் சர்வீஸ் கடையில் கிடைக்கும் முதல் பதில் 'ஃபார்மட் போட்டுவிடலாம்' என்பதே. எந்த விதத்தில் ஹேங் ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. பழுதைப் பிடிப்பதற்கு அந்தக் கேள்விதான் முதலில் வேண்டியது.

முதல் கோளாறின்போது மவுஸ் அம்பு தாராளமாக நகரும். ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்காது. ஹார்டு டிஸ்க் விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருக்கும். அரை நிமிடம் கழித்து, அதுவரை சொடுக்கியவை அனைத்தும் ஒரே நேரத்தில் திறந்து கொட்டும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதம் என்று இருக்கும்போது, தகவல் பரிமாற்ற வேகமோ நொடிக்குச் சில கிலோபைட்டுகளைத் தாண்டாது. வேலைப் பளுவால் டிஸ்க் திணறுவதன் அறிகுறி இதுவன்று. தகவல் சேமிக்கப்படும் சிறு பகுதியான செக்டார் ஒன்றைப் படிக்க முடியாமல் அது திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது, மற்றவையெல்லாம் அதற்காகக் காத்திருக்கின்றன என்று பொருள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 7, 153 ஆகிய எண்களுடன் பதிவாகியிருந்த டிஸ்க் எச்சரிக்கைகள் அதையே உறுதிப்படுத்தின.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் பார்த்தபோது டிஸ்க்கின் நிலை மஞ்சள் நிறத்தில் இருந்தது. அதில் கவனிக்க வேண்டியவை 05, சி5 ஆகிய இரு வரிகள். முன்னது ஏற்கெனவே கெட்டுப்போய், மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. பின்னது படிக்க முடியாமல், இன்னும் முடிவு செய்யப்படாமல் நிற்பவற்றின் எண்ணிக்கை. இந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) முறையில் காட்டும் என்பதால், 18 என்று தெரிந்தால் அது உண்மையில் 24. இந்த நிலையில் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுவதுமாகப் படிக்க வைத்தால் அது பாதியிலேயே நின்றுவிடக்கூடும். கோப்புகளை வெளியே நகலெடுப்பதே முதல் வேலை.

அதன்பின் சென்னை ரிச்சி தெருவில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய, சுழலும் பாகங்கள் இல்லாத 240 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். எஸ்.எஸ்.டி.யின் தடிமன் 7 மில்லிமீட்டர், பழைய டிஸ்க்கினுடையது 9.5 மில்லிமீட்டர். எனவே உடன் வந்த பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டி, பழைய டிஸ்க்கின் தகரத் தாங்கியைக் கழற்றி இதில் மாட்ட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் இணைப்பு ஆடும், மீண்டும் ஹேங் ஆகும். இவ்வளவு பழைய கணினியில் இதைப் போலப் பலன் தரும் வேறு செலவு இல்லை என்பது என் கருத்து.

சில ஆண்டுகள் நிம்மதியாக ஓடிய பிறகு வந்த கோளாறு முற்றிலும் வேறு. திரை அப்படியே நிற்கும், அம்பும் நகராது, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரு துணுக்கில் சிக்கி 'ட்ர்ர்ர்' என்று இழுக்கும், கேப்ஸ் லாக் விளக்குகூட மாறாது. பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எஸ்.எஸ்.டி.யில் குறையேதும் தெரியவில்லை. பென் டிரைவிலிருந்து விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கியபோதும் இதே கதைதான் என்பதால், விண்டோஸ் மீதிருந்த சந்தேகமும் நீங்கியது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டதில் காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். இரண்டு ரேம்களையும் கழற்றி, அவற்றின் பொன்னிறத் தொடுமுனைகளை ரப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒன்று மட்டும் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை காட்டியது. ஆகவே மதர்போர்டு தப்பித்தது.

புதிய ரேம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. இந்தத் தலைமுறையின் யு வகை (குறைந்த மின்சக்தியில் இயங்கும் லேப்டாப்) ப்ராசஸர்களுக்கு 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் ரேமே வேண்டும். 1.5 வோல்ட் டிடிஆர்3 ரேம் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் வேலை செய்யாது. பழைய பொருள் விற்கும் கடைகளில் இரண்டும் ஒரே டப்பாவில்தான் கிடக்கும். ஸ்டிக்கரில் 'எல்' என்ற எழுத்தும் வோல்ட் அளவும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வெப்பத்தைப் பலரும் முதல் குற்றவாளியாக்குகிறார்கள். என் அனுபவத்தில் வெப்பம் கணினியை மந்தமாக்கும், எல்லை மீறினால் அணைத்துவிடும். உறைய வைப்பது அரிது. ஆயினும் திறந்த கையோடு ஃபேன் தூசியை நீக்கி, ப்ராசஸரின் வெப்பத்தைக் கடத்தும், காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றியதில் இரைச்சல் குறைந்தது.

விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் ப்ராசஸர்களை, சில விதிவிலக்குகள் தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எனவே இப்போது இதில் லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஓடுகிறது. தமிழ்99 விசைப்பலகையும் தடையின்றி வேலை செய்கிறது. பேட்டரி மட்டும் போய்விட்டதால் அடாப்டரைச் செருகியே பயன்படுத்துகிறேன். சந்தையில் கிடைக்கும் மாற்று பேட்டரிகள் மீது நம்பிக்கை வராததால், அதற்குச் செலவழிக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.