இருட்டு ரோட்டுக்கு எந்த விளக்கு? மோல்மீனிலிருந்து ஒரு ஒப்பீடு

பர்மாவில், எங்கள் மோல்மீனிலிருந்து முடோன் ஊருக்கு 18 மைல். ராத்திரி அந்த ரோட்டில் பைக் ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வருவதில் பாதி ஏற்கெனவே புரிந்திருக்கும். ஊர் எல்லையைத் தாண்டினால் இருபக்கமும் ரப்பர் தோட்டம், நடுவில் இருட்டு. விளக்கில்லாத சைக்கிள், ரோட்டில் படுத்திருக்கும் நாய், மழைத்தண்ணீர் மூடிய பள்ளம் எல்லாமே கிட்டே வந்த பிறகுதான் தெரியும். அதனால் பைக் வாங்கியவுடன் ஆளாளுக்கு விளக்கை மாற்றுகிறார்கள். நானும் மாற்றினேன்.

முதலில் போட்டது வெள்ளை எல்இடி பல்பு. கடைச் சுவரில் அடித்துக் காட்டியபோது பகல் மாதிரி இருந்தது. அன்று ராத்திரியே முடோன் கடைத்தெருவுக்குச் சற்று முன்னால் எதிரே ஒரு சைக்கா வந்தது, பக்கத்தில் ஆள் உட்காரும் சைக்கிள் ரிக்‌ஷா. மிதித்து வந்த பெரியவர் ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டார். முன்சக்கரம் தாரை விட்டிறங்கி மண்ணில் சறுக்கியது. உட்கார்ந்து வந்த அம்மா மடியிலிருந்த கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விழவில்லை, தப்பினார்கள். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். டிம்மில் போயும் அவருக்கு ஏன் கண் கூச வேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

பதிலில் ஒரு பங்கு பல்பில் இருந்தது, இன்னொரு பங்கு இந்த நாட்டில். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இடப்பக்கம் ஓடிய பர்மா, 1970 டிசம்பர் 6 அன்று வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் நம் ரோட்டில் ஓடுகிற வண்டிகளில் பல ஜப்பான், தாய்லாந்து, இந்தியாவிலிருந்து வந்தவை. மூன்றும் இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். அங்கே செய்கிற பல ஹெட்லைட்டுகளில் டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு இடப்புறம் மட்டும் மேலேறும். ரோட்டோரம் நடப்பவர் தெரியட்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். நம் ஊரில் இடப்புறம் வருவது எதிர்வண்டி. அவர்கள் ஊரில் ஓரத்துக்குப் போகிற வெளிச்சம் இங்கே நேராக எதிரே வருபவர் கண்ணில் விழுகிறது. பழைய ஜப்பான் கார் எதிரே வந்தால் டிம்மிலும் கூசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே எந்தப் பல்பு நல்லது என்று பார்ப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். சமதரையில் பைக்கைச் சுவருக்கு நேராகப் பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்கோடு உங்கள் இடப்பக்கம் ஏறினால் அது இடப்பக்க நாட்டு விளக்கு. வலப்பக்கம் ஏறினால் நமக்கு ஏற்றது. இரண்டு பக்கமும் மட்டமாக இருந்தால் எந்த நாட்டிலும் ஓட்டலாம். சின்ன பைக்குகள் பலவற்றில் மட்டமாகத்தான் இருக்கும். கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்து, அதாவது ஐரோப்பிய விதிப்படியான விளக்கு என்ற முத்திரை, இருந்தால் இன்னும் சுலபம். விளக்கை எதிரே நின்று பார்க்கும்போது பக்கத்தில் உங்கள் வலக்கைப் பக்கம் காட்டும் அம்பு இருந்தால், அது இடப்பக்க நாட்டுக்கு மட்டும் ஆனது.

இனி ஒவ்வொன்றாக.

இருக்கிற பல்பையே சரியாக எரியவைப்பது. யாரும் ஆசைப்படாத வழி இது, என் கணக்கில் முதல் வழியும் இதுதான். கம்பிச்சுருள் சூடேறி எரியும் ஹாலஜன் பல்புக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதிகமாகக் குறையும். பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். என்ஜினை ஓடவிட்டு மீட்டரைப் பேட்டரியில் வைத்தேன்: 13.8. பல்பின் பின்னால் வைத்தேன்: 12.3. நடுவில் இருந்த மெல்லிய ஒயரும், பச்சை பிடித்த எர்த் முனையும், தேய்ந்த டிம்-பிரைட் சுவிட்சும் சேர்ந்து ஒன்றரை வோல்ட்டைத் தின்றிருந்தன. எர்த்தை உப்புத்தாளில் தேய்த்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுத்து, ரிலே (சுவிட்சின் சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் பெட்டி) வழியாகக் கொடுத்தபோது அதே பழைய பல்பு வேறு விளக்கு மாதிரி எரிந்தது. மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் முகப்பை 1000, 2000 நம்பர் தண்ணீர்த்தாளில் தேய்த்துப் பாலிஷ் போட்டது அடுத்த லாபம்.

எச்சரிக்கை ஒன்று. ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் விளக்கும் மங்குகிற பழைய பைக்குகளில் விளக்குக்கு மின்சாரம் என்ஜினிலிருந்து ஏசியாக நேரே வருகிறது. அங்கே ரிலே மட்டும் வைத்துப் பயனில்லை. சார்ஜிங் லைனையே மாற்ற வேண்டும், அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பெரிய வாட் பல்பு. வெளிச்சத்தை லூமனில் அளப்பார்கள். எச்எஸ்1 என்ற வகை 35/35 வாட் பல்பு பிரைட்டில் சுமார் 825 லூமன், டிம்மில் 525 தரும். எச்4 என்ற 60/55 வாட் பெரிய வகை தருவது 1650, 1000. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் சின்ன பைக்கில் பெரியதைத் திணிக்கிறார்கள். கம்பிச்சுருள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் வெளிச்சத்தின் வடிவம் கெடாது. ஆனால் வடிவம் சரியாக இருந்தாலும் சூட்டில் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் (பல்பின் வெளிச்சத்தை முன்னே திருப்பும் கிண்ணம்) பொங்குகிறது, ஹோல்டர் கருகுகிறது, பேட்டரி இறங்குகிறது. பெரிய பைக்கில் தாங்கும். 100, 125 சிசி வண்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

எல்இடி பல்பு. என்னைச் சைக்காக்காரர் முன்னால் குற்றவாளியாக்கியது இது. பழைய எச்4 பல்பைக் கையில் வைத்து உற்றுப் பாருங்கள். டிம் கம்பிச்சுருளுக்கு அடியில் குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே எகிறாமல் தடுப்பது அந்தத் தகடுதான். சில எல்இடிகளில் அது இல்லவே இல்லை. இருக்கிறவற்றிலும் சிப்பு, அதாவது எல்இடியில் எரிகிற புள்ளி, பழைய சுருள் இருந்த இடத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் கோடு கலைந்துவிடும். சிப்புகள் இடமும் வலமும் பார்த்து நிற்க வேண்டும். பல்பின் கழுத்து வளையமான காலரைத் திருப்பி அதைச் சரிசெய்யலாம். என்னுடையதில் சிப்பு மேலும் கீழுமாக நின்றது. திருப்பியதும் கூச்சம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாகக் கொட்டுவதால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிச் சுருங்கிவிடுகிறது. ஐம்பது மீட்டர் தள்ளியிருப்பது முன்னைவிட மங்கலாகத் தெரியும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும். 6000 கெல்வினுக்கு மேல் நீலம் பாய்ந்த வெள்ளை எதிரே வருபவரை அதிகம் தொந்தரவு செய்யும். ஹாலஜன் 3200 பக்கம். கட்டாயம் எல்இடிதான் வேண்டும் என்றால் இளமஞ்சள் வெள்ளையாகப் பார்த்து வாங்கி, சுவரில் மேல்கோடு தெளிவாக விழுந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்ஐடி கிட். கம்பிச்சுருள் இல்லாமல், வாயுவுக்குள் மின்பொறியால் எரியும் பல்பு இது. ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் இதைப் போடவே வேண்டாம்.

புரொஜெக்டர். முன்னால் உருண்டை லென்ஸ் வைத்த விளக்கு இது. லென்ஸுக்குப் பின்னால் ஒரு தகடு வெளிச்சத்தைக் கத்தியால் அறுத்த மாதிரி அறுக்கும். வெளிச்சம் வேண்டும், எதிராளிக்கும் கூசக்கூடாது என்றால் இதற்கு இணை கிடையாது. செலவும் வேலையும் அதிகம். முகப்பைச் சூடு காட்டிப் பிரித்து ஒட்ட வேண்டும், ஒட்டு சரியில்லையென்றால் நம் மழைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும். வாங்கும்போது கடைக்காரரிடம், "அண்ணே, இது எந்தப் பக்கம் ஏறும்?" என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார். ஒன்றில்லை. பேட்டரியில் கொடுத்துச் சுவரில் அடித்தோம், இடப்பக்கம் ஏறியது. திருப்பிக் கொடுத்துவிட்டு மட்டக்கோடு போடுகிற வேறொன்றைத் தேடி வாங்கினேன்.

கையிலிருக்கும் ரிஃப்ளெக்டர் விளக்கே இடப்பக்கம் ஏறுகிறது, மாற்றக் காசில்லை என்றால், கறுப்பு டேப்பில் சின்னத் துண்டு வெட்டி, விளக்கை எரியவிட்டுக் கண்ணாடி மேல் நகர்த்திப் பாருங்கள். சுவரில் அந்த ஏற்றம் மறைகிற இடத்தில் ஒட்டிவிடுங்கள். இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் காரோட்டிப் போகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

கூடுதல் விளக்கு. அகலமாகவும் தாழ்வாகவும் அடிக்கும் மஞ்சள் ஃபாக் விளக்கு ஒரு ஜோடி, ஹெட்லைட்டுக்குக் கீழே, தனி சுவிட்சோடு இருந்தால் மழையில் ரோட்டோரக் கோடு நன்றாகத் தெரிகிறது. சந்தையில் குவிந்திருக்கும் சதுர வேலை விளக்குகள் வேறு. அவற்றில் மேல்கோடே கிடையாது, வயலில் டிராக்டருக்கு ஆனவை அவை.

எதைப் போட்டாலும் கடைசி வேலை விளக்கை ஏற்றி இறக்கும் ஸ்குரூவில் இருக்கிறது. விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் கரியால் குறித்து, பத்து மீட்டரில் டிம்மின் மேல்கோடு அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழும்படி வையுங்கள். தனியாக உட்கார்ந்து வைத்தால் போதாது. என் மச்சானைப் பின்னால் ஏற்றியதும் கோடு ஒரு சாணுக்கு மேல் எழும்பியதைச் சுவரில் பார்த்தோம். இப்போது வீட்டாளும் பிள்ளையும் ஏறுகிற நாளில் கிளம்புமுன் ஸ்குரூவை ஒரு சுற்று இறக்குகிறேன், வீடு திரும்பியதும் கரிக்கோட்டைப் பார்த்து ஏற்றிவிடுகிறேன்.