பம்பில் கை வைக்காத டீசல் பட்டறை

உடுமலையிலிருந்து தாராபுரம் போகும் சாலையில், பெயர்ப் பலகைகூட இல்லாத சிறிய பட்டறை இது. தேங்காய் லோடு ஏற்றும் என் பழைய லாரி காலையில் கிளம்ப மறுத்ததால் இங்கே கொண்டுபோனேன். செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. ஒருமுறை பிடித்துவிட்டால் பொழுது சாயும்வரை தொந்தரவே இல்லை. வேறோர் இடத்தில் டீசலை அழுத்தி அனுப்பும் பம்பையும், அதை எஞ்சினுக்குள் பீய்ச்சும் நாசில்களையும் இறக்கியே ஆகவேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருந்தார்கள்.

இங்கே பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "செல்ஃப் அடிக்கும்போது புகை வருகிறதுங்களா? என்ன நிறம்?" டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அமுங்கிய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றவேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போயும் சரியாக எரியவில்லை. கம்ப்ரஷன் (காற்று அமுங்கும் அளவு), டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), நாசில் என்று தேடலாம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. என் வண்டியில் புகை இல்லை.

டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் லைனில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இணைத்து, லைனில் இருந்த காற்றை வெளியேற்றி, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினார். வண்டியை இரவு அங்கேயே விட்டுப் போகச் சொன்னார். காலைக் கோளாறைக் குளிர்ந்த எஞ்சினில்தான் பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி. மறுநாள் குழாயில் பாதிக்கு மேல் வெறும் காற்று. கைப்பம்பை அழுத்த அழுத்தக் குமிழிகள் வரிசையாக ஓடின. டேங்கு தாழ்வாக இருப்பதால், எங்கோ காற்று புகுந்து டீசல் இரவோடு இரவாகத் திரும்பி இறங்கியிருக்கிறது. உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. அதையும் நசுங்கிய காப்பர் வாஷர்களையும் மாற்றினார். பம்பைத் தொடவே இல்லை. இந்த நேர்மைக்காகவே எத்தனை தூரத்திலிருந்தும் வரலாம். சட்டென்று பற்றும் ஸ்ப்ரேயை எஞ்சினுக்குப் போகும் காற்றில் அடித்துக் கிளப்பும் வேலையும் இங்கே கிடையாது. ரிங்கும் பிஸ்டனும் கெடும் என்று கண்டிப்பாக மறுத்துவிடுகிறார்.

உட்கார இடமில்லை, போனை எடுப்பதில்லை. இரண்டையும் அவர் சரிசெய்ய வேண்டும். போகிறவர்கள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுங்கள். காலையில் அவர் வரும்வரை யாரும் செல்ஃப் அடிக்க வேண்டாம்.