இடுப்பில் கொடி கட்டும் ஞாயிறுகள்: நீலகிரியில் ஒரு ஃப்ளாக் ஃபுட்பால் லீக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழுவின் பெயரையோ மைதானம் இருக்கும் இடத்தையோ இதில் எழுதப் போவதில்லை. நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டது அது. எனக்கும் அது சரியென்றே படுகிறது, வருகிறவர்களில் பலர் இன்னும் வீட்டில் சொல்லாதவர்கள். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்ஜிபிடிக்யூ மக்களுக்காகவும் அவர்களோடு சேர்ந்து ஆட விரும்பும் யாருக்காகவும் நடக்கிற லீக். நாலு அணி, பத்து ஞாயிறு, அதுதான் ஒரு சீசன். நான் இரண்டு சீசன் முழுசாக ஆடிவிட்டேன், சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்று ஏன் குறைகிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

நான் கபடி ஆடி வளர்ந்தவள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வலது கார்னர். பன்னிரண்டாம் வகுப்பில் என்னையும் கூட ஆடின ஒருத்தியையும் சேர்த்துப் பேச்சுக் கிளம்பியது. பேச்சில் பொய் இல்லை, ஆனால் அதற்கப்புறம் பிராக்டிஸில் என்னைப் பிடிக்க வருகிற ஒவ்வொரு கையும் ஒரு நொடி தயங்கும், நான் யாரையாவது மடக்கிப் பிடித்தால் ஓரத்தில் சிரிப்புக் கேட்கும். விட்டுவிட்டேன். பதினான்கு வருஷம் எந்த மைதானத்திலும் இறங்கவில்லை. இந்த லீக்கைப் பற்றித் தோழி சொன்னபோது நான் கேட்ட ஒரே கேள்வி, "மேலே கை வைப்பாங்களா?" என்பதுதான். இல்லை என்றாள். அதனால்தான் போனேன்.

தெரியாதவர்களுக்காக: இது நாம் காலால் உதைக்கிற கால்பந்து இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் மோதலை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற ஆட்டம். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பெல்ட், அதில் இரண்டு பக்கமும் தொங்கும் பட்டை, அதுதான் கொடி. பந்து வைத்திருப்பவரைத் தள்ளக்கூடாது, கட்டிப்பிடிக்கக்கூடாது, கொடியை உருவினால் போதும், ஓட்டம் அந்த இடத்தில் முடிந்தது. தன் கொடியைக் கையால் மறைத்தால் அது ஃபவுல். பக்கத்துக்கு ஐந்து பேர். நடுக்கோட்டைத் தாண்ட நாலு வாய்ப்பு, தாண்டிவிட்டால் கடைசி எல்லையைத் தொட இன்னும் நாலு வாய்ப்பு, தொட்டால் ஆறு புள்ளி. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை விரட்ட வருகிறவர் ஏழு கெஜம் தள்ளி நின்றுதான் கிளம்ப வேண்டும். விதிப்படி மைதானம் 50 கெஜம் நீளம், 25 கெஜம் அகலம், அதற்கு வெளியே இரண்டு முனையிலும் பத்துப் பத்துக் கெஜம் எண்ட் ஸோன், அதாவது பந்தோடு நுழைந்தால் புள்ளி கிடைக்கிற இடம். நம் மலையில் அவ்வளவு சமதளம் எங்கே கிடைக்கும்? எங்களுடையது நாற்பது கெஜம் தேறும், ஒரு பக்கம் லேசாகச் சரியும், அதனால் பாதி ஆட்டத்தில் கட்டாயம் பக்கம் மாறுவோம்.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு சேர்த்து இதையும் எடுத்துக்கொண்டார்கள். கிரிக்கெட் வந்ததை ஊரே கொண்டாடியது, இது யார் கண்ணிலும் படவில்லை. அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் சேர்ந்து ஆடுகிற ஃப்ளாக் ஃபுட்பால் லீக்குகள் பல நகரங்களில் இருக்கின்றன, 2002-லிருந்து 'கே பவுல்' என்ற பெயரில் அவர்களுக்கென்று தேசிய அளவில் ஒரு போட்டியே நடக்கிறது. எங்கள் குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவர் அங்கே வேலை பார்த்தபோது அப்படி ஒரு லீக்கில் ஆடிவிட்டு ஊர் திரும்பியவர், இரண்டு பந்தும் இருபது பெல்ட்டும் அவர் பெட்டியில் வந்தவை.

சரி, இங்கே எது நன்றாக இருக்கிறது? முதல் நாள் முதல் ஐந்து நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வட்டமாக நிற்க வைத்து ஒவ்வொருவரையும் கேட்கிறார்கள்: "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்? அக்காவா, அண்ணாவா, வெறும் பேரா?" தமிழில் இது எவ்வளவு முக்கியம் என்பது அனுபவிக்கிறவர்களுக்குத் தெரியும். 'நான்' என்பதில் ஆண் பெண் இல்லை, ஆனால் வந்தான், வந்தாள் என்று வினையில் வந்து நிற்கும், அதைவிட ஒரு 'ஏம்மா', ஒரு 'தம்பி' சுருக்கென்று குத்திவிடும். ஒருவர் சொல்லாதவரை எல்லோருக்கும் 'அவர்', 'வந்தார்' தான். போன வாரம் அக்கா என்று கூப்பிடச் சொன்னவர் இந்த வாரம் பேர் மட்டும் போதும் என்றால் அதுவும் சரி, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. சேர்க்கைப் படிவம் தமிழில் இருக்கிறது, திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர் என்று மரியாதையான சொற்களில், 2022-ல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலைப் பார்த்துத்தான் அதைத் தயாரித்தார்களாம். எதையும் நிரப்பாமல் பெயரும், அவசரத்துக்கு ஒரு போன் நம்பரும் மட்டும் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

என் அணியில் பத்தொன்பது வயசுத் திருநம்பி ஒருவன், தம்பி என்றுதான் கூப்பிடச் சொன்னான். மார்பை இறுக்குகிற பைண்டர் போட்டுக்கொண்டு முதல் வாரம் ஓடினான். குன்னூரே ஆறாயிரம் அடி உயரம், காற்று மெலிசு, சும்மா ஓடினாலே மூச்சு வாங்கும், இதில் விலா எலும்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினால் என்ன ஆகும்? மூன்றாவது ஓட்டத்தில் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டான். பயிற்சி கொடுக்கிறவர் எல்லோர் முன்னாலும் எதுவும் கேட்கவில்லை. தனியாக அழைத்துப்போய், ஓடும்போது பைண்டர் வேண்டாம், ஸ்போர்ட்ஸ் பனியன் மேலே பெரிய சைஸ் கறுப்பு ஜெர்ஸி போட்டுக்கொள்ளலாம், எப்போது வேண்டுமானாலும் கையைத் தூக்கிவிட்டு வெளியே வரலாம் என்று சொல்லி, அந்த ஜெர்ஸியையும் கையோடு கொடுத்தனுப்பினார். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் அணிக்கே மாற்று ஆள் விதியைத் தளர்த்திவிட்டார்கள், அப்புறம் எல்லா அணிக்கும்.

அவனைக் கொண்டுவந்து விடுவது அவன் அம்மா. அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர், சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். முதல் இரண்டு வாரம் வேலி ஓரத்தில் குடையைப் பிடித்தபடி நின்றார், யாரோடும் பேசவில்லை, பிள்ளையைப் பழைய பெயரில்தான் கூப்பிட்டார். மூன்றாவது வாரம் எங்களுக்கு ஒரு ஆள் குறைந்தது. "அம்மா, சும்மா நில்லுங்க, யாராவது பக்கத்தில் வந்தா அந்தப் பட்டையை மட்டும் புடுங்கிடுங்க" என்று இழுத்துவிட்டோம். அன்றைக்கு அவர் ஒருவரே ஏழு கொடி பறித்தார். இரண்டு இலை ஒரு மொட்டு என்று இருபது வருஷமாகக் கிள்ளுகிற மணிக்கட்டு, பார்க்கிறதற்குள் கொடி அவர் கையில் இருக்கும். பந்தைப் பிடிக்க வராது, விதியும் பாதி தெரியாது. ஆனால் எதிரணி குவார்ட்டர்பேக்குகள் அவர் நிற்கிற பக்கம் எறிவதையே விட்டுவிட்டார்கள். சீசன் கடைசியில் ஒருநாள், மகன் பந்தோடு ஓடுகிறபோது மைதானத்தின் குறுக்கே அவர் போட்ட சத்தம் அவனுடைய புதுப் பெயரில் இருந்தது. அவன் நின்று திரும்பிப் பார்த்தான். கொடியும் போச்சு, ஆறு புள்ளியும் போச்சு. எங்களில் யாருக்கும் அதில் வருத்தம் இல்லை.

எனக்கு? முதல் சீசன் நடுவில் என் கொடியை ஒருவர் உருவினார், உருவிவிட்டுத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார், அப்படிக் காட்ட வேண்டும் என்பது முறை, அப்புறம் அதை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். இடுப்பிலிருந்து ஒரு பட்டை போனதைத் தவிர என் மேல் ஒரு விரல் படவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன் இப்படி ஒரு ஆட்டம் கோத்தகிரியில் இருந்திருந்தால் நான் விளையாட்டை விட்டிருக்க மாட்டேன்.

இப்போது குறைகள். முதல் சீசனில் ஆட்டத் திட்டங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். ஸ்லான்ட், போஸ்ட், ஹுக் என்று குவார்ட்டர்பேக் சொல்லச் சொல்ல எங்களில் பாதிப் பேர் முழித்தோம், கோயம்புத்தூரிலிருந்து வருகிற ஐடி ஆட்களுக்கு மட்டும் பந்து போனது. சத்தம் போட்டுச் சண்டை பிடித்தபிறகுதான் மாற்றினார்கள். இப்போது நேராக ஓடு என்றால் 'மேட்டுப்பாளையம்', கொஞ்ச தூரம் போய்ச் சட்டென்று திரும்பு என்றால் 'கொண்டை ஊசி', குறுக்கே வெட்டு என்றால் 'தோட்டப்பாதை'. யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் பந்து இன்னும் ஆடத் தெரிந்தவர்களையே தேடிப் போகிறது. ஒவ்வொரு பாதியிலும் எல்லோருக்கும் ஒரு தடவையாவது எறிய வேண்டும் என்று விதி போடச் சொல்லி இரண்டு சீசனாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், செய்யவில்லை. புதுசாக வருகிறவர் நாற்பது நிமிஷம் ஓடி ஒரு பந்துகூடத் தொடாமல் வீட்டுக்குப் போனால் அடுத்த வாரம் ஏன் வருவார்?

கழிப்பறை ஒன்றே ஒன்று, தாழ்ப்பாள் சரியில்லை. இப்படிப்பட்ட குழுவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. உடை மாற்ற ஒரு தார்ப்பாய் மறைப்பு கட்டியிருக்கிறார்கள், காற்றடித்தால் அது தூக்கும். வீட்டிலேயே மாற்றிக்கொண்டு வருவது நல்லது. பெல்ட்டுகளில் பாதி வெல்க்ரோ ஒட்டுகிற வகை, பனியில் நனைந்து புல் ஒட்டிக்கொண்டால் பிடிப்பு போய் ஓடும்போதே கொடி தானாக விழும். டப்பென்று சத்தத்தோடு கழன்று வருகிற வகை எவ்வளவோ மேல், யார் உருவினார் என்ற தகராறும் வராது. அதற்குத்தான் இப்போது பணம் சேர்க்கிறார்கள்.

மைதானம் ஒருமுறை மாறியது. முதலில் வாடகைக்கு எடுத்த இடத்தில், யார் ஆடுகிறோம் என்று தெரிந்ததும் பராமரிப்பு வேலை நடக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு வேலையும் நடக்கவில்லை. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, இனி நாம் குற்றவாளிகள் இல்லை என்று, ஆனாலும் ஒரு பூட்டுக்கு முன்னால் முப்பது பேர் ஸ்வெட்டரோடு நின்றோம். அந்தக் காலையை நடத்துகிறவர்கள் கையாண்ட விதத்துக்காக இன்னும் அரை மதிப்பெண் சேர்த்துக் கொடுக்கலாம். சத்தம் போடாமல், யாரையும் படம் எடுக்கவிடாமல், எல்லோரையும் வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டே வாரத்தில் வேறு இடம் பார்த்தார்கள்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறுக்கு 150 ரூபாய், முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம், யார் கொடுத்தார் கொடுக்கவில்லை என்பது டப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். எட்டு மணி என்பார்கள், மூடுபனி விலகி எறிகிற பந்து கண்ணுக்குத் தெரிய ஒன்பதாகிவிடும். கீழேயிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்கள் நீலகிரி இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் வந்தால் அது தேவையில்லை. தண்ணீர் ஸ்டீல் பாட்டிலில். புல்லில் அட்டை இருக்கும், கொஞ்சம் உப்பைப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். காட்டெருமை மைதானத்தில் இறங்கினால் ஆட்டம் நின்றுவிடும், அது போகும்வரை எல்லோரும் ஷெட்டுக்குள், படம் எடுக்கக் கிட்டே போனால் அந்த வாரம் நீங்கள் வெளியே. ஆட்டம் முடிந்து டீயும் வர்க்கியும் உண்டு, குழுவிலேயே இருக்கிற ஒரு திருநங்கை அக்காவின் கடையிலிருந்து வரும், அந்த வர்க்கியைச் சுடச்சுடத் தின்னவாவது ஒருமுறை வரலாம்.

அடுத்த சீசன் மழை ஓய்ந்து ஜனவரியில். சேர வேண்டுமென்றால் ஏற்கெனவே ஆடுகிற யாராவது ஒருவர் அறிமுகப்படுத்த வேண்டும், யாரையும் தெரியாது என்றால் எனக்கு எழுதுங்கள். சின்ன சைஸ் பெல்ட் ஒன்று என்னிடம் கூடுதலாக இருக்கிறது, வெல்க்ரோ இல்லை, டப்பென்று கழலுகிற வகைதான்.